தனியாக வாழும் ஆண், பூனை வளர்க்கலாமா? கொங்குப் பகுதிக்கான ஒரு வழிகாட்டி

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு லைன் வீட்டில் தங்கியிருக்கும் இளைஞரும், கோவை சரவணம்பட்டிப் பக்கம் அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் மென்பொருள் ஊழியரும், பிள்ளைகள் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டபின் காங்கயத்துப் பக்கம் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) ஒற்றையாக இருக்கும் பெரியவரும் கேட்பது ஒரே கேள்விதான்: தனி ஆளாக இருக்கும் ஆண், பூனை வளர்க்கலாமா? வளர்க்கலாம், நாயைவிடப் பூனையே அவருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால், "பூனை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், அதனால் தனி ஆளுக்குச் சுலபம்" என்று பலரும் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை. பூனை தன் நோயை மறைக்கும் விலங்கு. நான்கு பேர் இருக்கும் வீட்டில், காலையிலிருந்து பூனை சாப்பிடவில்லை என்பது யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். தனி ஆள் வீட்டில் அதைக் கவனிக்க வேண்டியவர் நாளில் பாதிக்கு மேல் வெளியில் இருக்கிறார். கீழே சொல்லும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையை ஈடுகட்டுவதற்காகவே.

முதலில் பொருத்தம் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். வளர்ந்த பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் வரை உறங்குகிறது. அது சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான். ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரைக்கு வீடு திரும்புகிறவர், பூனை உறங்கும் நேரத்தை வேலையில் கழித்துவிட்டு, அது ஓடி விளையாட விரும்பும் நேரத்தில் வந்து சேருகிறார். நாயென்றால் நாளுக்கு இரண்டு மூன்று முறை வெளியே அழைத்துப்போக வேண்டும். அப்படிப்பட்ட வேலை நேரத்தில் அது நடக்காத காரியம். பூனைக்கு வீட்டுக்குள் மலமும் மூத்திரமும் கழிக்க ஒரு மணல் தட்டும், ஏறி உட்கார்ந்து பார்க்க உயரமான ஓர் இடமும் போதும். ஓர் அறையும் சமையலறையும் மட்டுமே உள்ள வீட்டில்கூட, பரண் இருந்தால் அதற்கு இடம் போதாமல் போவதில்லை.

ஆணுக்கு நாய்தான் பொருத்தம், பூனை பெண்கள் வளர்ப்பது என்ற பேச்சு இங்கே உண்டு. அதற்கு அடிப்படை எதுவும் இல்லை. சோளமும் நிலக்கடலையும் மூட்டைகளாக அடுக்கிய சாளைகளில் காவலுக்குப் படுத்த ஆண்களின் கயிற்றுக் கட்டில்மேல்தான் பூனையும் படுத்திருந்தது. மனிதரையும் பூனையையும் சேர்த்து வைத்ததே தானியமும் அதைத் தேடி வந்த எலியும்தான். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில், ஒரு மனிதரின் எலும்புக்கூட்டுக்கு அருகிலேயே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது.

வேண்டாம் என்று சொல்லத்தக்கவர்களும் இருக்கிறார்கள். ஆறேழு பேர் ஒரே அறையில் தங்கி, கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கும் இடத்தில் பூனை வேண்டாம். அங்கே அது எல்லோருடைய பூனையாகவும் இருக்கும், பொறுப்பு மட்டும் யாருக்கும் இருக்காது. ஆறு மாதத்துக்கொரு முறை ஊர் மாற்றும் வேலையில் இருப்பவரும் காத்திருக்கலாம். வீட்டுக்குள் வாழும் பூனை 15 ஆண்டுகள்வரை இருக்கக்கூடும் என்பதால், இருபத்தைந்து வயதில் எடுக்கும் முடிவு நாற்பது வயதுவரை கூடவே வரும். மூச்சிளைப்பு உள்ளவர்களும், பஞ்சாலையில் பல ஆண்டு வேலை செய்து நெஞ்சு இறுக்கம் கண்டவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஒவ்வாமைக்குக் காரணம் பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம்; பூனை நக்கும்போது அது முடியெங்கும் பரவி, காய்ந்து, காற்றில் மிதக்கிறது. முடி குறைவான பூனையைத் தேடி வாங்குவதால் இது தீராது. பூனை உள்ள நண்பர் வீட்டில் சில மாலைகள் உட்கார்ந்து பார்த்தால் உங்கள் உடம்பு எப்படி என்பது தெரிந்துவிடும்.

பூனைக்கு முன்னால் பேச வேண்டிய இருவர்

முதலாமவர் வீட்டு உரிமையாளர். "ஏனுங்க தம்பி, நீங்களே தனியா இருக்கறீங்க, பூனையெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்கும் வீட்டுக்கார அம்மாவின் மனத்தில் இருப்பவை இரண்டே கவலைகள்: மூத்திர நாற்றம் வரும், அக்கம்பக்கத்து அடுப்படிக்குள் நுழையும். கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கப் போகிறேன் என்று தெளிவாகச் சொன்னால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும். மறைத்து வளர்ப்பது தவறு. தெரிந்த அன்றே வீட்டைக் காலி செய்யச் சொன்னால் தெருவுக்கு வருவது பூனைதான். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்திலேயே பூனை வளர்க்கச் சம்மதம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் செல்லப் பிராணிகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சங்கத்திடம் அதைக் காட்டலாம். ஆனாலும் உரிமையாளரின் மனம் ஒப்பிய சம்மதத்துக்கு அது ஈடாகாது.

இரண்டாமவர் இன்னும் முக்கியமானவர்: உங்கள் வீட்டுச் சாவியின் மறு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் ஆள். பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், உடன் வேலை பார்ப்பவராக இருக்கலாம், அதே தெருவில் படிக்கும் பையனாகவும் இருக்கலாம். உங்களுக்கு விபத்து நேர்ந்தாலோ, ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் அவசரத்தில் இரவு முழுவதும் கம்பெனியிலேயே நிற்க நேர்ந்தாலோ, கதவைத் திறந்து தண்ணீரும் தீனியும் வைக்க அவர் வேண்டும். வெளியூரிலிருந்து வந்து திருப்பூரில் வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தீபாவளிக்குக் கம்பெனிகள் பல நாட்கள் மூடப்படும்போது உடன் வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும் சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். ஆகவே சாவி வாங்குகிறவர் திருப்பூரையே சொந்த ஊராகக் கொண்டவராக இருப்பது நல்லது. இப்படி ஒருவர் கிடைக்கும்வரை பூனையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எந்தப் பூனை

கண் திறந்த குட்டியைக் கையில் ஏந்தி வரத்தான் எல்லோருக்கும் ஆசை. பத்து மணி நேரம் வெளியில் இருப்பவருக்கு அது ஏற்றதல்ல. நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு நாளுக்கு மூன்று நான்கு முறை உணவு வேண்டும். தனியாகப் பூட்டி வைத்தால் கையில் கிடைத்ததையெல்லாம் கடித்து விழுங்கும். ஒரு வயது கடந்த, குணம் தெரிந்த வளர்ந்த பூனையை மீட்பு அமைப்புகளிடமிருந்தோ, வளர்க்க இயலாமல் கொடுக்க முன்வருகிறவர்களிடமிருந்தோ பெறுவதே தனி ஆளுக்கு நல்லது. குட்டிதான் வேண்டுமென்றால், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டை எடுங்கள்; ஒன்றுக்கு ஒன்று துணையாக இருக்கும். எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது.

பாரசீகப் பூனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் நீள முடியை நாள்தோறும் சீவ வேண்டும்; தட்டை முகத்தால் மூச்சு விடுவதும் சிரமம். சித்திரை, வைகாசியில் ஈரோடும் கரூரும் கொதிக்கும்போது, ஷீட் கூரை வீட்டில் அதைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவது கொடுமை. நம் தெருக்களில் பிறந்த நாட்டுப் பூனை இந்த வெயிலுக்குப் பழகியது. அதற்கும் நிழலான மூலையும், இரண்டு மூன்று இடங்களில் தண்ணீரும், காற்றோட்டமும் வேண்டும்.

கடுவனா, பெட்டையா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை, கருத்தடை செய்திருந்தால். செய்யாத கடுவன் சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சும். அந்த வாடை லைன் வீடு முழுவதும் வீசும். செய்யாத பெட்டை நான்கு மாத வயதிலேயே சினையாகலாம்; சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள்தான் என்பதால், ஒரே ஆண்டில் வீடு குட்டிகளால் நிறைந்துவிடும். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சையை முடித்துவிடுங்கள். விடுப்பு கிடைக்கும் இரண்டு நாட்களைப் பார்த்து நாள் குறியுங்கள். தையலை நக்காமல் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யாரும் இல்லை.

வீட்டைத் தயார் செய்தல்

நெசவும் பின்னலும் நடக்கும் ஊர்களில் பூனைக்கு முதல் எதிரி நூல். பல்லடம், சோமனூர் தறிக்கூடங்களிலிருந்தும் திருப்பூர் கம்பெனிகளிலிருந்தும் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் நூல் துண்டு, கட்டிங் வேஸ்ட், எலாஸ்டிக் ஆகியவற்றைப் பூனை விளையாட்டாகக் கவ்வும். நாக்கில் உள்ள முட்கள் பின்னோக்கி இருப்பதால், வாயில் போன நூலைத் துப்ப முடியாமல் விழுங்கிவிடும். நீளமான நூல் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால், குடல் அதன்மேல் சுருங்கிச் சுருங்கி அறுபட்டுப் போகும். வாயிலோ மலத்துவாரத்திலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்காதீர்கள். அப்படியே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வேலைச் சட்டையைக் கழற்றியவுடன் மூடி போட்ட கூடையில் போடும் பழக்கம் வேண்டும். படுக்கைக்குப் பனியன் துணி வைப்பதில் தவறில்லை, ஓரம் பிரியாததாக இருந்தால்.

ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடிக்க வேண்டும். மாடியிலிருந்து விழும் பூனைகள் எல்லாம் காலூன்றிப் பிழைத்துவிடுவதில்லை. தரையைப் பினாயில் கொண்டு துடைப்பதை நிறுத்திவிட்டுச் சோப்புத் தண்ணீருக்கு மாறுங்கள், ஏனென்றால் பினாயிலில் உள்ள சேர்மங்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க இயலாது. காய்ச்சலுக்கு என்று தலைமாட்டில் வைத்திருக்கும் பாராசிட்டமால் இன்னும் கொடியது; ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று கால் மாத்திரை கரைத்துக் கொடுப்பதும் கொலைக்குச் சமம். நாய்களுக்கான உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி உள்ளவை பூனைக்கு நஞ்சு. தோட்டத்தில் எலிப் பாசாணம் வைத்தால், அதைத் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனையும் சாகும். பூனை வளர்க்கும் சாளையில் எலிப்பொறி மட்டுமே வைக்க வேண்டும்.

தீனியும் மணலும்

தயிர்ச்சோறும் பால்சோறும் போட்டுப் பூனை வளர்த்த காலத்தில், அது வெளியே பிடித்துத் தின்ற எலியும் ஓணானும்தான் அதை உயிரோடு வைத்திருந்தன. வீட்டுக்குள் பூட்டிய பூனைக்கு அந்த வழி இல்லை. இறைச்சியில் மட்டுமே போதிய அளவு கிடைக்கும் டாரின் என்னும் சத்து குறைந்தால் கண்பார்வை போகும். இதயம் பலவீனமடைந்து வீங்கும் என்பது 1987இல் தெளிவாக நிறுவப்பட்டது. பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பால் செரிப்பதும் இல்லை. எனவே, முழுமையான பூனைத் தீனியை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் உலர் தீனி ஏறத்தாழப் போதும். அதனுடன், பல்லடமும் நாமக்கல்லும் பக்கத்திலேயே இருக்கும் நமக்கு எளிதில் கிடைக்கும் கோழிக்கறியையும் முட்டையையும் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, எலும்பு நீக்கிக் கொடுக்கலாம். கறிக்கடையில் கிடைக்கும் கோழி இதயம் டாரின் நிறைந்தது. மெஸ்ஸில் வாங்கிய பார்சலில் மிஞ்சியதைப் போடாதீர்கள். பள்ளிபாளையம் சிக்கன் போன்று சின்ன வெங்காயம் தாராளமாகச் சேர்த்த உணவு பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூண்டும் அப்படித்தான்.

தீனியைக் குவித்து வைத்துவிட்டுப் போவதைவிட, காலையிலும் இரவிலும் அளந்து வைப்பதே தனி ஆளுக்கு ஏற்றது. எவ்வளவு வைத்தோம் என்று தெரிந்தால்தான், திரும்பி வரும்போது எவ்வளவு தின்றது என்பதும் தெரியும்.

மணலுக்கும் இதே கணக்கு. பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவைத் தட்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும், வாடையையும் அடக்கும். ஆனால் அது கட்டியாகாது. விலை கூடினாலும், மூத்திரம் பட்டவுடன் உருண்டையாகக் கட்டும் பெண்டோனைட் மணலையே நான் தனி ஆளுக்குச் சொல்வேன், குறிப்பாகக் கடுவன் வளர்ப்பவருக்கு. நலமான பூனை நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு மூத்திரக் கட்டிகளும் ஏறத்தாழ ஒரு முறை மலமும் போடும். இரவு வந்து தட்டை அள்ளும்போது அன்று பகலில் பூனை எப்படி இருந்தது என்பதை அந்தத் தட்டே சொல்லிவிடுகிறது. சிறு குட்டிகள் மணலைத் தின்னப் பார்க்கும் என்பதால், நான்கு மாதம்வரை கட்டியாகாத மணல் போடுங்கள். அந்த வயதில் நார்க்கழிவு நல்லதே. இரண்டு பூனைக்கு மூன்று தட்டு என்பது பொதுவான அளவு.

கட்டியே இல்லாத நாள்தான் அஞ்ச வேண்டிய நாள். கடுவன் தட்டில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து முக்கியும் சொட்டு மூத்திரம்கூட வரவில்லை என்றால், மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது. ஓரிரு நாட்களுக்குள் உயிர் போய்விடக்கூடும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதேபோல், இரண்டு நாட்கள் தொடர்ந்து எதுவும் தின்னாத பூனைக்கு, அதிலும் கொழுத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடக்கூடும். மாதத்துக்கு ஒரு முறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி, பின் தனியாக ஏறிக் கழித்துப் பாருங்கள். நான்கு கிலோ பூனை 400 கிராம் இளைத்திருந்தால் மருத்துவரிடம் போக அதுவே போதுமான காரணம்.

அந்த மருத்துவர் யார் என்பதை நலமாக இருக்கும்போதே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கிராமத்துக் கால்நடை மருந்தகங்கள் பெரும்பாலும் மாடும் ஆடும் பார்ப்பவை. பூனைக்கு இரவிலும் வைத்தியம் செய்பவர் உங்கள் ஊரில் யார் என்று விசாரித்து, எண்ணைச் சாவி வைத்திருப்பவரிடமும் கொடுங்கள். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பூனைக் கூடையைப் பரண்மேல் ஒளித்து வைக்காமல், திறந்தபடி தரையில் வைத்து அதிலேயே உறங்கப் பழக்குங்கள்; அவசரத்தில் தனி ஆளாகப் பூனையைப் பிடித்து அடைப்பது அப்போதுதான் முடியும். எட்டு வார வயதில் தொடங்கிப் பதினாறு வாரம்வரை கூட்டுத் தடுப்பூசிகள், பன்னிரண்டு வாரத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் மீண்டும் என்பது வழக்கமான முறை. பூனை கடித்தாலோ கீறி இரத்தம் வந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.

ஷிப்டும் நோம்பியும்

மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும் மில் வேலையில் இருப்பவருக்கு, தினமும் ஒரே மணிக்குத் தீனி வைப்பது இயலாது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. பூனை நேரத்தைவிட வரிசையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் முதலில் பத்துப் பதினைந்து நிமிட விளையாட்டு, அடுத்து தீனி, அதன்பின் தட்டு சுத்தம், பிறகு உறக்கம் என்ற வரிசையை எந்த ஷிப்டிலும் மாற்றாமல் வைத்திருந்தால் அது அமைதியாக இருக்கும். உறங்குமுன் விளையாடித் தின்ற பூனை நள்ளிரவில் எழுப்புவதும் குறையும்.

நோம்பிக்கு (பண்டிகைக்கு) ஊருக்குப் போகும்போது பூனையையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவதைவிட, அதைத் தன் வீட்டிலேயே விட்டு, சாவி வைத்திருப்பவர் நாளுக்கு இரண்டு முறை வந்து பார்ப்பது நல்லது. புது வீடு பூனைக்குப் பெரும் அச்சம்; ஊரில் கதவு திறந்த கணத்தில் ஓடிப்போகும் பூனைகள் திரும்புவது அரிது. யாரும் வந்து பார்க்காமல் ஓர் இரவுக்கு மேல் விட்டுச் செல்லக் கூடாது. தட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். தீபாவளி இரவில் ஜன்னல்களைச் சாத்தி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டியும் வைத்திருக்க வேண்டும்.

திருமணப் பேச்சு வரும்போது பூனை இருப்பதைப் பெண் வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். பின்னாளில் மனைவி கருவுற்றால் பூனையை விரட்ட வேண்டும் என்று உறவினர்கள் சொல்வார்கள். அப்படி விரட்டத் தேவையில்லை. டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமி பூனையின் மலத்தில் வெளிவந்து, தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகிறது. தட்டை நாள்தோறும் கணவரே சுத்தம் செய்து, கை கழுவி, பூனைக்குப் பச்சைக் கறி போடாமல் இருந்தால் அந்த ஆபத்து மிகவும் குறைந்துவிடும்.

அறுபதைக் கடந்து தனியாக இருப்பவர்கள் நிதானமான, ஐந்தாறு வயதுப் பூனையை எடுப்பது நல்லது. காலில் உரசி நிற்கும் பூனை தடுக்கி விழாமலிருக்க இரவில் சிறு விளக்கு எரியட்டும். தமக்குப்பின் பூனை யாரிடம் போக வேண்டும் என்பதை அவரிடம் நேரில் கேட்டுச் சம்மதம் பெற்று, பெயரையும் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதித் தீனி டப்பாவின் மூடியில் ஒட்டி வைக்க வேண்டும்.